முதலில் வாங்குபவர், பிறகுதான் சாக்கு: திருகோணமலையில் தெரு அளவில் பிளாஸ்டிக் சேகரிக்க ஒரு முழு வழிகாட்டி

ஒழுங்கை, வாசிகசாலை, மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், பள்ளிக்கூடம் என்று எந்த அளவில் என்றாலும் சரி, வீட்டுப் பிளாஸ்டிக்கைச் சேர்த்து அது மறுபடியும் தொழிற்சாலைக்குள் போய்ச் சேரும்படி செய்ய நினைப்பவர்களுக்கு இது. தொடங்குகிறவர்களில் அநேகர் செய்வது ஒன்றுதான்: நாலு கலரில் கூடை வாங்கி, சந்தியில் வைத்து, படம் எடுத்து முகநூலில் போடுவார்கள். கொஞ்ச நாளில் அதற்குள் மீன் செதிலும் பம்பர்ஸும் சாப்பாட்டுப் பார்சலும் விழ ஆரம்பிக்கும், அதற்குப் பிறகு அதைக் கிளற ஒருவரும் வர மாட்டார்கள். ஆகவே வேலையைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம், ஒவ்வொரு படியும் அதற்கு முந்தியதில்தான் நிற்கிறது.

1. வாங்குபவரைத் தேடிப் பேசுங்கள்

சேர்த்துவிட்டு ஆள் தேடினால் உங்கள் வீட்டு விறாந்தைதான் குப்பைமேடாகும். பிளாஸ்டிக்கை அரைத்துக் கழுவி மணியாக்கும் ஆலைகள் பெரும்பாலும் மேல் மாகாணப் பக்கம். இங்கிருந்து கொழும்புக்குத் தரைவழி சுமார் 260 கிலோமீற்றர். எடை இல்லாமல் இடத்தை மட்டும் பிடிக்கிற சாமானை அவ்வளவு தூரம் ஏற்ற வேண்டும், அதனால் லொறிக் கூலிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நேரே ஆலையோடு பேசுவது சின்னக் குழுவுக்குச் சரிவராது. ஊரில் உள்ள பழைய இரும்புக் கடைக்காரரிடமோ, சுற்றுவட்டாரத்தில் போத்தல் சேர்ப்பவரிடமோ போங்கள். அவர் ஏற்கெனவே லொறி நிரப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறவர்.

போகும்போது வாயால் மட்டும் பேசாதீர்கள். உங்கள் வீட்டில் ஒரு கிழமையில் சேர்ந்த எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் அவர் முன்னால் கொட்டி, "அண்ணே, இதில் எது வேண்டும், எது வேண்டாம்?" என்று கேளுங்கள். அவர் கை எதை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும். பிறகு இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மூடி இருக்கலாமா, லேபல் கழற்ற வேண்டுமா, பச்சை, நீலப் போத்தலுக்குத் தனி விலையா, குறைந்தது எத்தனை கிலோ சேர்ந்தால் வண்டி அனுப்புவார், எடை எங்கே போடுவது.

இரண்டு பேரிடமாவது கேளுங்கள். விலைக்காக மட்டும் இல்லை. புதுப் பிளாஸ்டிக் மசகு எண்ணெயிலிருந்து வருகிறது, அந்த எண்ணெயின் விலை இறங்கினால் அதுவும் மலிந்துவிடும், அப்போது பழையதின் விலையும் விழும், ஒருவர் "இப்ப எடுக்கேல்ல" என்று சொல்லிவிடுவார்.

2. இடம், அனுமதி

கூரை, சீமெந்துத் தரை, கதவு. இந்த மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். திறந்த வளவில் போத்தலும் யோகட் கப்பும் கிடந்தால் முதல் மழையிலேயே டெங்கு நுளம்பு முட்டையிடும். 2017இல் கிண்ணியா டெங்கால் பட்டபாட்டைப் பார்த்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் யாரும் இதைச் சும்மா விடமாட்டார், விடவும் கூடாது. கதவு எதற்கென்றால், மாடும் நாயும் மட்டுமில்லை, கோட்டைப் பக்கமும் நகரத்துக்குள்ளும் திரிகிற மான்களும் சாப்பாட்டு வாசனை உள்ள பொலித்தீனை மென்று விழுங்கும்.

சேர்த்து, பிரித்து, விற்பது வரைக்கும் என்றால் உங்கள் உள்ளூராட்சிச் சபைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சுகாதாரப் பரிசோதகருக்கும் கடிதம் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அரைப்பது, உருக்குவது என்று போனால் கதை வேறு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைப் பற்றிக் கேட்காமல் மெஷின் வாங்கக் கூடாது. கோயில் காணி, பள்ளிக்கூடக் காணி என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுச் சம்மதம் அடுத்த நிர்வாகம் வரும்வரைக்கும்தான்.

3. மூன்று வகையில் தொடங்குங்கள்

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றில்லை. ஒன்றின் உருகுநிலை மற்றதற்குப் பொருந்தாது. ஷாம்புப் போத்தல் செய்கிற எச்.டி.பி.ஈ. சுமார் 130 பாகை செல்சியஸில் உருகும், வாளி செய்கிற பி.பி. 160ஐத் தாண்ட வேண்டும், தண்ணீர்ப் போத்தல் செய்கிற பெட் 250 பாகைக்கு மேல். எச்.டி.பி.ஈ.க்குள் பெட் துண்டு போனால் அது உருகாமல் கல்லாகவே நின்று மெஷினின் வடியை அடைக்கும். பெட்டுக்குள் குழாய் செய்கிற பி.வி.சி. போனால் இன்னும் மோசம், பெட் உருகுகிற சூட்டில் பி.வி.சி. கருகி அமில வாயுவை விடும், முழுத் தொகுதியிலும் கறுப்புப் புள்ளி விழும். ஆலைக்காரர் கலந்த மூட்டையைத் திருப்பி அனுப்புவதன் காரணம் இதுதான்.

சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஒரு இலக்கம் இருக்கும். தொடக்கத்தில் 1, 2, 5 ஆகிய மூன்றை மட்டும் எடுங்கள்.

இலக்கம் 1, பெட்: தண்ணீர், சோடாப் போத்தல்கள். இலக்கம் 2, எச்.டி.பி.ஈ.: ஷாம்பு, கழுவும் திரவம் வரும் பால்நிறப் போத்தல்கள், கேன்கள். இலக்கம் 5, பி.பி.: ஐஸ்கிறீம் பெட்டி, பல மூடிகள், வாளி, பேசன், கதிரை.

மற்றவை: 3 பி.வி.சி., அதாவது குழாய், சில தெளிந்த போத்தல்கள். 4 எல்.டி.பி.ஈ., மெல்லிய பைகள், சுற்றும் தாள். 6 பொலிஸ்டைரீன், யோகட் கப்பும் ரிஜிபோமும். 7 என்பது மிச்சம் எல்லாவற்றையும் போட்ட கூடை. நாலாவதைச் சுத்தமாகவும் நிறையவும் தர முடிந்தால் வாங்க ஆள் இருக்கும், ஆனால் வீட்டிலிருந்து வரும் பை ஒன்றாவது சுத்தமாக வராது, ஆகவே பிறகு பார்க்கலாம்.

இலக்கத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். போத்தலில் 1 என்று இருக்கும், அதைச் சுற்றிச் சுருங்கி ஒட்டியிருக்கும் லேபல் பி.வி.சி.யாக இருக்கலாம். வேறொன்று: 2017இல் பொலித்தீன் சாப்பாட்டுத்தாளுக்குத் தடை வந்த பிறகு மக்கும் என்று சொல்லிப் பல தாள்களும் பைகளும் கடைக்கு வந்தன. அவற்றை எந்த மூட்டையிலும் சேர்க்காதீர்கள். உண்மையில் மக்குகிறது என்றால் மறுசுழற்சிக்கு அது அழுக்கு, துண்டு துண்டாக உடைந்து போகிற வகை என்றால் எதற்குமே உதவாது.

4. வீட்டில் நடக்க வேண்டியது

அலசுவது, கவிழ்த்துக் காயவிடுவது. இவ்வளவுதான் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், இதற்கு மேல் கேட்டால் செய்ய மாட்டார்கள்.

அலச நல்ல தண்ணீர் வேண்டாம், பாத்திரம் கழுவி முடித்த கடைசித் தண்ணீர் போதும். கோடையில் கிணறு இறங்குகிற பாலையூற்று, நிலாவெளிப் பக்கத்தில் இதைச் சொல்லாவிட்டால் "பிளாஸ்டிக்கைக் கழுவத் தண்ணியோ?" என்று கேட்பார்கள், கேட்பது நியாயம்தான். தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்கு மட்டும் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் விட்டுக் குலுக்க வேண்டும். எண்ணெய்ப் பசை ஒன்றிலிருந்து மூட்டை முழுக்கப் பரவும், அதில் தூசும் மணலும் பிடித்துவிட்டால் ஆலையில் கழுவினாலும் முழுதாகப் போகாது.

காயவிடாமல் மூடி போட்டுத் தருவதுதான் அதிகம் நடக்கிற பிழை. உள்ளே தங்கின தண்ணீர் நாறும், எடையையும் கூட்டிக் காட்டும், வாங்குபவர் ஒருமுறை கண்டுபிடித்தால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மூட்டையிலும் ஈரக் கழிவு என்று எடையைக் குறைப்பார்.

காய்ந்த பிறகு நசுக்குங்கள். வாங்குபவர் மூடியை ஏற்கிறார் என்றால் நசுக்கிய கையோடு மூடியைப் பூட்டுங்கள், காற்றுத் திரும்பப் போகாமல் போத்தல் தட்டையாகவே நிற்கும். மூடி வேண்டாம் என்றால் அதைத் தனிச் சாக்கில் போடுங்கள். மூடி பி.பி. அல்லது எச்.டி.பி.ஈ., அதற்கும் விலை உண்டு.

5. கூடை வைக்காதீர்கள், நாள் வையுங்கள்

சந்தியில் கூடை என்றால் அது பொதுக் குப்பைத்தொட்டி. அதற்குப் பதில் கிழமையில் ஒரு நாள், இரண்டு மணித்தியாலம், ஒரு ஆள் நின்று வாங்குவது. எதிரில் ஆள் நிற்கும்போது அழுக்குப் போத்தலை நீட்ட யாருக்கும் கை வராது. முதல் மாதம் அழுக்காக வந்ததைச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள். "அக்கா, இதை ஒருக்கா அலசிப்போட்டு அடுத்த கிழமை கொண்டு வாங்கோ" என்றால் கோபிக்க மாட்டார்கள். வாங்கி வைத்துவிட்டு நீங்களே கழுவ ஆரம்பித்தால் அது உங்கள் வேலையாகிவிடும், கடைசி வரைக்கும்.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளைத் தனியாகக் கையாளுங்கள். ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் அங்கே தண்ணீர்ப் போத்தல் குவியும், வீடுகளை விட அது சுத்தமான சரக்கு, அநேகமாக ஒரே வகை. சமையலறைக் குப்பையோடு சேராமல், அறை துப்புரவு செய்பவரே தனிச் சாக்கில் போட வேண்டும். ஆகவே முகாமையாளரிடம் மட்டுமில்லாமல் அந்தப் பிள்ளைகளிடமும் பேசுங்கள், போத்தல் காசில் அவர்களுக்கு ஒரு பங்கு வைத்தால் சாக்கு நிரம்பும். விடுதிக்காரரிடம் இன்னொன்றும் சொல்லலாம்: அறைக்கு இரண்டு சின்னப் போத்தல் வைப்பதற்குப் பதில் பெரிய கேனும் கண்ணாடிக் குவளையும் வைத்தால் அவருக்கும் செலவு மிச்சம். நமக்குச் சரக்குக் குறையும்தான். அதற்காகத்தானே இந்த வேலை.

6. பிரிக்கும் மேசை

நிலத்தில் குந்தியிருந்து பிரித்தால் அரை மணியில் முதுகு போய்விடும். இடுப்பளவு மேசை ஒன்று, ரப்பர் கையுறை, ஒரு பேசன் தண்ணீர், கத்தரி, கறுப்பு மார்க்கர். வேலையின் ஒழுங்கும் முக்கியம்: முதலில் ஆபத்தானதை எடுங்கள், அதாவது ஊசி, மருந்துப் போத்தல், கிருமிநாசினிக் கேன். அப்புறம் வாங்குபவருக்கு வேண்டாதது. கடைசியில்தான் வேண்டியவற்றை வகை வகையாக. நல்லதை முதலில் பொறுக்க ஆரம்பிப்பார்கள், மிச்சக் குவியலில் ஊசி கிடக்கும்.

தெளிந்த போத்தல் பெட்டா, பி.வி.சி.யா என்று சந்தேகமா? கவிழ்த்து அடியைப் பாருங்கள். பெட் போத்தலின் அடியில் நடுவே ஒரு சின்னப் புள்ளி, ஊசி முனையால் அழுத்தி எடுத்த மாதிரி தடித்து நிற்கும். பி.வி.சி. போத்தலின் அடியில் புள்ளிக்குப் பதில் குறுக்காக ஒரு தையல்கோடு ஓடும். நகத்தால் மடித்துப் பார்த்தாலும் தெரியும், பி.வி.சி. மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். அப்படியும் தீரவில்லையா, வெளியே போடுங்கள். ஒரு போத்தல் போனால் போகட்டும்.

இலக்கம் இல்லாத உடைந்த துண்டுகளுக்குத் தண்ணீர்ச் சோதனை. நகமளவு துண்டு ஒன்றை வெட்டி, கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்ட நல்ல தண்ணீரில் விரலால் அடிவரை அமுக்கிப் பிடித்து விடுங்கள். மேலே வந்தால் எச்.டி.பி.ஈ., எல்.டி.பி.ஈ., பி.பி. இவற்றில் ஒன்று. அடியிலேயே கிடந்தால் பெட், பி.வி.சி., கெட்டியான பொலிஸ்டைரீன் (ரிஜிபோம் மட்டும் மிதக்கும்). துண்டைச் சும்மா மேலே போட்டுவிட்டு "மிதக்குது" என்று முடிவு கட்டுவார்கள், அது துண்டில் ஒட்டின காற்றுக் குமிழியின் வேலை. சவர்க்காரச் சொட்டும் விரல் அமுக்கலும் அதற்காகத்தான். கடல் தண்ணீரிலும் செய்யாதீர்கள், உப்பால் அது கனத்தது, எல்லையில் நிற்கிற துண்டுகளின் முடிவு மாறும்.

தாழ்ந்தவற்றில் பொலிஸ்டைரீனைப் பிரிக்க வேண்டுமானால் ஒரு லீற்றர் தண்ணீரில் 200 கிராம் உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். பொலிஸ்டைரீன் எழும்பி வரும், பெட்டும் பி.வி.சி.யும் கிடக்கும். மலிவுக் கதிரைத் துண்டு மட்டும் ஏமாற்றும். பி.பி.யில் சுண்ணாம்புத் தூளைத் தாராளமாகக் கலந்திருந்தால் நல்ல தண்ணீரிலேயே தாழலாம். கதிரையை எப்போதும் தனியாகவே வையுங்கள்.

எரித்துப் பார்த்து மணத்தால் வகை சொல்கிற பழைய ஆட்கள் இருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான், ஆனால் பி.வி.சி. புகையை மூக்கில் இழுப்பது கெட்டித்தனத்தில் சேராது. பிள்ளைகள் நிற்கிற இடத்தில் அதைக் காட்டவே கூடாது.

இரண்டாம் இலக்கத்துக்குள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. ஊதிச் செய்கிற போத்தலின் எச்.டி.பி.ஈ. உருகும்போது தடிப்பாக ஓடும், அச்சில் அழுத்திச் செய்கிற சாமானினது இளகி ஓடும். இரண்டையும் கலந்தால் எடுக்கத்தான் செய்வார்கள், ஆனால் குறைந்த விலையில். போத்தலைத் தனியாகத் தந்தால் கூடத் தருவாரா என்று வாங்குபவரிடம் கேளுங்கள்.

7. சேமிப்பு: கச்சானும் மாரியும்

சாக்கில் வகையைப் பெயின்ரால் எழுதுங்கள், காகிதம் கட்டினால் கிழியும். உரப்பை மலிவு, ஆனால் உரத்தை நன்றாக உதறிக் கழுவின பிறகுதான்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது கட்டாத சாக்கிலிருந்து லேசான சாமான்கள் எழும்பி நேரே கடலுக்குத்தான் போகும், ஊரைச் சுற்றி இருப்பது கடல்தானே. ஐப்பசி பிறந்தால் வாடை மழை. அதற்கு முன்னால் இருப்பை விற்றுக் காலியாக்கிவிடுங்கள். மழைக் காலத்தில் சேர்ப்பது காயாது, தை கடக்கும்வரை வீடு வீடாகக் குறைத்து வாங்குவதே நல்லது. வெயிலிலும் மாதக்கணக்கில் போடாதீர்கள், சூரிய ஒளியில் பி.பி. நொறுங்கிப் பொடியாகும். பழைய வாளி வெளிறி, பிடித்தவுடன் உடைவதைக் கண்டிருப்பீர்கள்.

பக்கத்தில் அடுப்பு, பீடி, சருகு எரிப்பு எதுவும் வேண்டாம். இந்தச் சாமான் பற்றினால் தண்ணீர் வாளியால் அணைக்க முடியாது.

8. விற்கும் நாள்

அரை லீற்றர்ப் போத்தல் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 40 முதல் 60 வேண்டும், போத்தலின் தடிப்பைப் பொறுத்தது. அதாவது 100 கிலோவுக்கு ஐயாயிரம் போத்தல் அளவில். நசுக்காமல் இதை ஒரு லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏற்றிப் பாருங்கள், பெட்டி நிரம்பியும் மூட்டை மிச்சம் நிற்கும்.

வண்டி வருமுன் நீங்களே தராசில் போட்டு ஒவ்வொரு சாக்கின் எடையையும் கொப்பியில் எழுதுங்கள். சண்டை பிடிக்க இல்லை. இரண்டு தராசுக்கும் வித்தியாசம் வந்தால் அங்கேயே பேசித் தீர்க்கலாம். வந்த காசை எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் எழுதி ஒட்டுங்கள். பெரிய வருமானம் எதிர்பார்க்க வேண்டாம், சாக்கு, கையுறை, பிரிக்கிறவரின் கூலி இவற்றைத் தாங்கினாலே நல்ல கணக்கு. சும்மா வேலை செய்ய ஆட்கள் வருவார்கள் என்று கணக்குப் போடுகிற குழுக்கள் பள்ளி விடுமுறை முடிந்ததும் படுத்துவிடும்.

9. வாங்க ஆள் இல்லாதவை

பிஸ்கட் உறை, நூடில்ஸ் உறை, பால்மாப் பக்கெட். இவை இரண்டு மூன்று படலங்களை ஒட்டிச் செய்தவை, சிலவற்றில் நடுவே அலுமினியமும் உண்டு. பிரிக்க வழியில்லை. புத்தளம் சீமெந்து ஆலையின் சூளையில் இப்படியான கழிவைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் தெருக் குழு ஒன்று அதுவரைக்கும் கொண்டுபோய்க் கட்டுபடியாகாது. சபையின் வண்டியில் போடுங்கள், கொஞ்சமாக வாங்குங்கள். இதற்கு வேறு மந்திரம் இல்லை.

தடுக்கக் கூடியதைக் கடையிலேயே தடுக்கலாம், சட்டம் உங்கள் பக்கம். 2017 செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து பொலித்தீன் சாப்பாட்டுத்தாள், ரிஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது ஆகியவை தடை. 2021 மார்ச் 31இலிருந்து உணவு, மருந்து தவிர்ந்த 20 மில்லிலீற்றர், 20 கிராம் வரையான சஷேக்களும் பிளாஸ்டிக் தண்டுள்ள காது குடைகிற பஞ்சுக் குச்சிகளும். 2023 ஒக்டோபரிலிருந்து உறிஞ்சுகுழல், ஒருமுறை பாவிக்கிற கரண்டி, கோப்பை, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் பூமாலை. கடைக்காரரிடம் முறைப்பாடு என்று போகாமல், வாழையிலையோ தாமரை இலையோ எங்கே மலிவு என்ற தகவலோடு போங்கள்.

மீன்பிடி வலை தனி உலகம். நைலோன் வலையும் பொலிஎதிலீன் வலையும் கலந்தால் இரண்டும் வீண். அதே பேசன் சோதனைதான்: நைலோன் தாழும், பொலிஎதிலீன் கயிறும் வலையும் மிதக்கும். ஈயக் குண்டையும் மிதப்பையும் அறுத்து எடுத்து, மணலை உதறின பிறகே வாங்குங்கள். பழைய வலை வாங்க உறுதியான ஆள் இல்லாவிட்டால் இதில் கை வைக்காதீர்கள், ஒரு மீன்வாடியின் கழிவே உங்கள் அறையை நிரப்பிவிடும்.

தம்பலகாமம், மூதூர் வயல் பக்கத்திலிருந்து கிருமிநாசினிக் கேன் வரும். எச்.டி.பி.ஈ. தானே என்று போத்தல் மூட்டையில் சேர்ப்பது மிகத் தவறு, அது உருகி யாருடைய வீட்டு வாளியாகும் என்று தெரியாது. விவசாயி மூன்று தரம் அலசி, அலசின தண்ணீரை மருந்தடிக்கும் தாங்கிக்குள்ளேயே ஊற்றி, கேனில் ஓட்டை போட வேண்டும். அதற்குப் பிறகு அதை எங்கே ஒப்படைப்பது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் மேசைக்கு வேண்டாம்.

10. மெஷின் ஆசை

யூடியூப்பில் போத்தலை உருக்கிக் கல் வார்க்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் கட்டாயம் வருவார். பெட்டை ஈரத்தோடு உருக்கினால் அதன் மூலக்கூற்றுச் சங்கிலி உடைந்து நொறுங்கும் சரக்குத்தான் கிடைக்கும், ஆலைகளில் அதை மணிக்கணக்கில் சூட்டில் உலர்த்துகிறார்கள். வளவில் தகரப் பீப்பாயில் உருக்குவது புகையும் தீயும் மட்டும்தான்.

அரைக்கும் மெஷின் வேறு விஷயம், லொறிக் கூலியை அது உண்மையில் குறைக்கும். ஆனால் அரைத்த பிறகு கலப்படத்தைப் பொறுக்க முடியாது என்பதால், வாங்குபவர் உங்கள் சாக்கைப் பிரித்துப் பார்க்காமலே எடுக்கிற நிலை வந்த பிறகுதான் அதைப் பற்றி யோசிக்கலாம். சிலர் அரைத்த சரக்கை வாங்கவே மாட்டார்கள், அதையும் முதலில் கேளுங்கள். மூன்று கட்ட மின்சாரம், உரிமம், சத்தத்துக்கு அயலவர் சம்மதம், கத்தி தீட்ட ஆள், இவை கைக்கு வந்த பிறகு முற்பணம் கொடுங்கள். தளத்தைக் கட்டும்போது கழுவும் தொட்டிக்கும் தெருக் கானுக்கும் இடையில் நுண்வலை போட்ட குழி ஒன்றுக்கு இடம் விடுங்கள். கட்டி முடித்த பிறகு அதை வெட்ட முடியாது, அரைத்த தூள் கானோடு கடலுக்குப் போய்விடும்.